லூபஸ் இருப்பவருக்கு மூச்சு முட்டினால்: டர்பன் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோயான லூபஸ் என்றால் மூட்டு வலி, கன்னச் சிவப்பு, முடி உதிர்வு, சிறுநீரகக் கோளாறு என்றுதான் பலருக்கும் தெரியும். நுரையீரலையும் அது விட்டுவைப்பதில்லை. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையில் அழற்சி வந்து, மூச்சை இழுத்தால் விலாவில் குத்துவது லூபஸ் உள்ள பலருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் வரும். வலி மாத்திரையிலோ சிறிய அளவு ஸ்டீராய்டிலோ பெரும்பாலும் அடங்கிவிடும். அதைவிட அரிதாக வருபவை சில உண்டு: நுரையீரலுக்குள் ரத்தக் கசிவு, கிருமி இல்லாமல் லூபஸே உண்டாக்கும் நிமோனியா, நுரையீரல் சுருக்கம், நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறுவது, ரத்தக்கட்டி, தழும்பு. இவற்றில் சில ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். வேறு சில, ஆஸ்துமா என்றோ மனப் பதற்றம் என்றோ பெயர் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும்.

தென் ஆப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோய் (டிபி) மிக அதிகமாக உள்ள நாடுகளில் இதுவும் ஒன்று. இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் அது டிபியா, வேறு தொற்றா, லூபஸா என்று எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சிகிச்சையோ எதிரெதிர்த் திசையில் போகும். லூபஸை அடக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்க வேண்டும். தொற்றை வெல்ல அதே எதிர்ப்பு சக்தி வேண்டும். இது எது என்பதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பது, தெரியும் வரை என்ன செய்வது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. கீழே வரும் மருந்தளவுகள் மருத்துவமனையில் நடப்பதைப் புரிந்துகொள்வதற்காக. வீட்டில் யாரும் தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

படி 1: நன்றாக இருக்கும்போதே ஒரு கோப்பு

நோய் வந்த பிறகு தேடினால் எதுவும் கிடைக்காது. ஒரு சாதாரண கோப்பில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது சாப்பிடும் மருந்துகளும் அளவும், ஒவ்வாமை உள்ள மருந்துகள், கடைசியாக எடுத்த ஹீமோகுளோபின் அளவு, நன்றாக இருக்கும்போது ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி) காட்டும் எண், பழைய மார்பு எக்ஸ்ரே அல்லது அதன் அறிக்கை, ஆன்டிபாஸ்போலிபிட் (ரத்தத்தை எளிதில் கட்டவைக்கும் எதிரணுக்கள், அதாவது உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள்) பரிசோதனை முடிவுகள். இதில் ஹீமோகுளோபினும் பழைய எக்ஸ்ரேயும்தான் தங்கம். நுரையீரலுக்குள் ரத்தம் கசிகிறதா என்று சந்தேகம் வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது, "போன மாதம் எவ்வளவு இருந்தது?" என்பதைத்தான்.

ஒரு இடைச்செருகல். ஆன்டிபாஸ்போலிபிட் எதிரணுக்கள் உள்ளவர்களுக்குச் சிபிலிஸ் ரத்தப் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். கர்ப்பகாலத்தில் கிளினிக்கில் வழக்கமாக எடுக்கும் பரிசோதனை அது. அந்தத் தாளைப் பார்த்துப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வருவதற்கு முன், உறுதிசெய்யும் இரண்டாவது பரிசோதனையைக் கேளுங்கள். அந்தத் தவறான பாசிட்டிவே சில பெண்களுக்கு லூபஸின் முதல் தடயமாக இருந்திருக்கிறது.

படி 2: எவ்வளவு அவசரம் என்று முடிவு செய்வது

உடனே கிளம்ப வேண்டியவை: சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கூடிக்கொண்டே போகும் மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், திடீரென்று வெளிறிப்போவது, மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து அதோடு மார்பும் குத்துவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாத இரைப்பு. அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. கையில் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) அட்டை இல்லை என்பதற்காக யாரும் தயங்க வேண்டாம். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று இந்த நாட்டு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவே சொல்கிறது.

ஆக்சிமீட்டர் நல்ல துணைதான், ஆனால் அதை நம்புவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கடலோரத்தில் இருக்கும் டர்பனில் ஆரோக்கியமானவருக்கு 95க்கு மேல் காட்டும். 92க்குக் கீழே போனாலோ, வழக்கமான எண்ணிலிருந்து மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். லூபஸில் விரல் குளிர்ந்து வெளுத்துப்போகும் ரேனோ தொல்லை இருந்தால் எதிர்மாறாகக் குறைத்தும் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். எண் நன்றாக இருந்து ஆள் திணறினால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொன்று: ஸ்டீராய்டு எடுப்பவருக்கு நிமோனியா வந்தாலும் பெரிய காய்ச்சல் இருக்காது. "காய்ச்சல் இல்லையே, வெறும் சளிதான், கஷாயம் வைத்துக் குடி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த ஒரு நோயாளிக்குப் பொருந்தாது.

எங்கே போவது? சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்களுக்கு ஆர் கே கான், பீனிக்ஸில் இருப்பவர்களுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை என்று வழி தெரிந்ததுதான். கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்தூலி மருத்துவமனைக்கு நேராகப் போய் நிற்க முடியாது. வேறு மருத்துவமனை பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். அதனால் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு முதலில் போய், அங்கே வாய் திறந்தவுடன் சொல்ல வேண்டியது: "இவருக்கு லூபஸ். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறார்." வரிசையில் முன்னே தள்ளிவிடும் வாக்கியம் இது.

படி 3: தொற்றா, லூபஸா

இங்கேதான் நிதானமும் வேகமும் ஒன்றாக வேண்டும். முதல் நாளிலேயே கேட்க வேண்டிய பரிசோதனைகள் பல. மார்பு எக்ஸ்ரே, முடிந்தால் சிடி. ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், சிறுநீரில் புரதமும் ரத்தமும், ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது). சளியை ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியில் வைத்து டிபி பார்ப்பது. இது சில மணி நேரத்தில் முடிவு தரும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். எச்ஐவி பரிசோதனையும் எடுப்பார்கள். அதை அவமானமாக நினைக்காதீர்கள், இந்த நாட்டில் மூச்சு நோய் என்று போகும் எல்லோருக்கும் அது வழக்கம்தான்.

லூபஸ் பக்கம் சாய்க்கும் தடயங்கள்: ரத்தத்தில் சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்கள் இறங்குவது, டிஎன்ஏவுக்கு எதிரான எதிரணு ஏறுவது, கூடவே சிறுநீரகமோ தோலோ மூட்டோ கிளர்வது. அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பி மிக உயர்ந்திருந்தால் தொற்றைத்தான் முதலில் நினைக்க வேண்டும், ஏனென்றால் லூபஸ் மட்டும் கிளரும்போது அது பல நேரம் அவ்வளவாக ஏறாது. ஆனால் உறை அழற்சியில் அதுவும் ஏறும். ஒரே ஒரு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் ஊசியால் கொஞ்சம் எடுத்து ஏடிஏ என்ற நொதியைப் பார்ப்பார்கள். அது உயர்ந்திருந்தால் டிபி பக்கம் சாயும். தோலில் ஊசி போட்டு வீங்குகிறதா என்று பார்க்கும் பழைய டிபி சோதனை, ஸ்டீராய்டு எடுப்பவரிடம் பொய்யாக நெகட்டிவ் காட்டும். அதை வைத்து டிபி இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லூபஸ் உள்ளவர்களுக்கு டிபி வந்தால் அது நுரையீரலோடு நிற்காமல் எலும்பு, மூளை உறை, நிணநீர்க் கட்டி என்று பரவும் வாய்ப்பும் கூடுதல். சளியில் கிருமி கிடைக்கவில்லை என்பதால் கதை முடிந்துவிடாது.

சளி வராதவருக்கும், படம் குழப்பமாக இருப்பவருக்கும் பிராங்கோஸ்கோபி செய்வார்கள். குழாயை உள்ளே விட்டு, உப்புநீர் ஊற்றிக் கழுவி எடுப்பது. இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: டிபி, நியுமோசிஸ்டிஸ் (எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு நிமோனியா தரும் கிருமி), மற்ற பூஞ்சை எல்லாம் தேடலாம், அடுத்தடுத்து எடுக்கும் நீர் மேலும் மேலும் சிவந்துகொண்டே வந்தால் உள்ளே ரத்தக் கசிவு என்று உறுதியாகிவிடும். ஆள் மிகவும் திணறிக்கொண்டிருந்தால் முதலில் வென்டிலேட்டர், பிறகு இது.

முடிவு தெரியும் வரை? ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு இரண்டையும் சேர்த்தே தொடங்குவார்கள்: வலுவான ஆன்டிபயாடிக் ஒரு பக்கம், ஸ்டீராய்டு இன்னொரு பக்கம். "தெரியாமல் எல்லாவற்றையும் கொடுக்கிறார்களே" என்று குடும்பம் கோபப்படுவதுண்டு. என் பார்வையில் இந்த ஒரு இடத்தில் அதுதான் சரியான வைத்தியம். பரிசோதனை முடிவு வந்ததும் தேவையில்லாததை நிறுத்துகிறார்களா என்று கேட்பதுதான் குடும்பத்தின் வேலை.

படி 4: ஒவ்வொன்றுக்கும் என்ன சிகிச்சை

ரத்தக் கசிவுதான் இவற்றில் மிகக் கொடியது. நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அழற்சியால் கிழிந்து காற்றறைகளில் ரத்தம் நிரம்பும். ஏமாற்றுவது என்னவென்றால், கணிசமானவர்களுக்குச் சளியில் ரத்தமே வராது. ஹீமோகுளோபின் திடீரென்று இறங்குவதும், எக்ஸ்ரேயில் புதிய வெண்மையும், மூச்சிரைப்பும்தான் அடையாளம். சிறுநீரக லூபஸ் கிளர்ந்திருப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். சிகிச்சை ஐசியூவில். மெதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 500 முதல் 1000 மில்லிகிராம் வரை, வழக்கமாக மூன்று நாள், நரம்பு வழியாக. அப்புறம் எடைக்கேற்ற பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு அல்லது ரிடுக்சிமேப். நிலைமை மோசமானால் பிளாஸ்மா மாற்றம். ரத்தம் ஏற்றுவார்கள், ஆன்டிபயாடிக்கும் ஓடும், ஏனென்றால் தொற்றும் கசிவும் ஒன்றாகவே வருவதுண்டு. பழைய அறிக்கைகளில் இதில் பாதிப் பேர் வரை இறந்திருக்கிறார்கள். அதனால் சின்ன மருத்துவமனையில் சந்தேகம் எழுந்தவுடனே பெரிய மருத்துவமனைக்குப் பேச வேண்டும். "நாளைக் காலை ரவுண்டில் பார்க்கலாம்" என்றால், "இன்றைக்கே மறுபடி ஹீமோகுளோபின் பாருங்கள்" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

லூபஸ் நிமோனியாவும் ஏறக்குறைய இதே பாதைதான். காய்ச்சல், வறட்டு இருமல், ஆக்சிஜன் இறக்கம், கிருமி எதுவும் கிடைக்காது. பிள்ளை பெற்ற சில வாரங்களில் வருவதும் உண்டு. சில பேருக்கு லூபஸே முதலில் இப்படித்தான் வெளியே தெரியும். தொற்று இல்லை என்று ஓரளவு உறுதியானதும் அதிக அளவு ஸ்டீராய்டு; ஓரிரு நாளில் மாற்றம் இல்லையென்றால் சைக்ளோபாஸ்பமைடு போன்றவை.

நுரையீரல் சுருக்கம் இதற்கு நேர்மாறு. மெதுவாக வரும், யாரும் நம்ப மாட்டார்கள். 1965இல் இங்கிலாந்தில் முதலில் விவரித்தார்கள். படுத்தால் மூச்சு அதிகம் முட்டும், ஆழமாக இழுத்தால் மார்பு குத்தும், சிடியில் நுரையீரல் சதை சுத்தமாகவே இருக்கும். எக்ஸ்ரேயில் உதரவிதானம் (மூச்சை இழுக்கும் தசை) மேலே ஏறி நிற்கும். ஊதிப் பார்க்கும் சோதனையில் கொள்ளளவு சுருங்கியிருக்கும். சிடி நன்றாக இருக்கிறது என்று சொல்லி மனநல மருந்தோடு திருப்பி அனுப்பப்படுபவர்கள் இவர்கள்தான். கேட்க வேண்டியது ஒன்றுதான்: உட்கார்ந்தும் படுத்தும் ஸ்பைரோமெட்ரி, அதாவது அந்த ஊதும் சோதனை. படுக்கும்போது எண் நன்றாக விழுந்தால் உதரவிதானத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். சிகிச்சை: நடுத்தர அளவு ஸ்டீராய்டு, அதோடு எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாதயோபிரின் போன்ற மருந்து, கட்டுப்படாதவருக்கு ரிடுக்சிமேப். வலியை அடக்குவதும் சிகிச்சையின் பகுதிதான். வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சுவிடும் பழக்கம் நோயை இன்னும் இறுக்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சியும் வேண்டும். உடனே மாறாது, மாதங்கள் ஆகும். ஆனால் பெரும்பாலோர் தேறுகிறார்கள், அல்லது அதற்குமேல் மோசமாகாமல் நிற்கிறார்கள்.

நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம்: மாடி ஏறினால் இரைப்பு, கால் வீக்கம், மயக்கம். எக்கோவில் (இதய ஸ்கேன்) சந்தேகம் வரும், வலது இதயத்துக்குள் குழாய் விட்டு அளந்தால்தான் உறுதி. பழைய ரத்தக்கட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று வென்டிலேஷன் பெர்ஃப்யூஷன் ஸ்கேனும் (நுரையீரலில் காற்றும் ரத்தமும் ஓடுவதைக் காட்டுவது) பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குச் சிகிச்சையே வேறு. லூபஸால் வந்த அழுத்தத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு: ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் சிலருக்கு நன்றாகவே வேலை செய்யும். அதற்கு மேல், அழுத்தத்தைக் குறைக்கும் சில்டெனாஃபில், போசென்டன் போன்றவை. ஆம், சில்டெனாஃபில் என்பது வயாகராவில் இருக்கும் அதே மருந்துதான். பெட்டியைப் பார்த்து மாமியார் முகம் சுளித்தால், நுரையீரல் ரத்தக்குழாயைத் தளர்த்துவதும் இதே மருந்துதான் என்று சொல்லிவிடுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு மட்டும் இது சேரவே கூடாது.

ரத்தக்கட்டி: ரத்தம் கட்டாமல் தடுக்க உடனே ஹெபரின் ஊசி, பிறகு வார்ஃபரின் மாத்திரை, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) 2க்கும் 3க்கும் நடுவில். ஆன்டிபாஸ்போலிபிட் மூன்று சோதனையும் பாசிட்டிவாக உள்ளவருக்கு ரிவராக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் வேண்டாம் என்பது இன்றைய நிலைப்பாடு. 2018இல் வெளிவந்த ஆய்வில் அதை எடுத்தவர்களுக்கு வார்ஃபரினைவிடக் கூடுதலாக அடைப்புகள் வந்தன. அந்தச் சோதனைகளைக் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். இங்கே நாம் ஹெர்ப்ஸ் என்று சொல்லும் கீரைகளை வார்ஃபரின் எடுப்பவர் விட வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நுரையீரல் தழும்பு நோய்க்கு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைகோபெனோலேட்தான் பெரும்பாலும் முதல் தேர்வு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதும் சோதனை எடுத்து, எண் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள்.

படி 5: வலுவான மருந்து ஓடும்போது காவல்

பிரெட்னிசோனை யாரும் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் சாப்பிட்ட உடல் தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பை மறந்திருக்கும். நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. புரட்டாசி விரதத்தில் இறைச்சியை விடுவது சரி, மாத்திரையை விடுவது கூடாது. ஏதாவது சாப்பிட்டுவிட்டு விழுங்குங்கள். நம் வீடுகளில் சர்க்கரை நோய் சகஜம், ஸ்டீராய்டு அதைக் கிளப்பும், அதனால் மதியத்துக்கு மேலும் ஒருமுறை சர்க்கரை பாருங்கள். காலையில் மட்டும் பார்த்தால் தெரியாமல் போகும்.

நியுமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுக்கக் கோட்ரிமாக்சசோல் கொடுப்பது வழக்கம். ஆனால் அது சல்ஃபா மருந்து. லூபஸ் உள்ளவர்களுக்குச் சல்ஃபா ஒவ்வாமை கூடுதலாக வரும், சில நேரம் நோயையே கிளப்பிவிடும். அரசு கிளினிக்கில் அலமாரியில் முதலில் இருப்பது இந்த மருந்துதான். எனவே சல்ஃபா ஒத்துக்கொள்ளாது என்றால் கோப்பின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

டிபியும் லூபஸும் சேர்ந்தே இருந்தால் மருந்துகளே ஒன்றோடொன்று மோதும். டிபி சிகிச்சையின் முதுகெலும்பான ரிஃபாம்பிசின் மருந்து பிரெட்னிசோன், வார்ஃபரின், மைகோபெனோலேட், சில்டெனாஃபில் எல்லாவற்றையும் உடலிலிருந்து வேகமாக வெளியேற்றும். ஸ்டீராய்டு அளவை இரட்டிப்பாக்க வேண்டிவரலாம்; ஐஎன்ஆர் வாராவாரம் பார்க்க வேண்டிவரும். ஆறு மாதம் கழித்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது எல்லாம் தலைகீழாகும்: பழைய அளவுக்கு இறக்காவிட்டால் வார்ஃபரின் ரத்தம் கசியவைக்கும். டிபி கிளினிக் ஒரு கட்டடம், லூபஸ் கிளினிக் இன்னொரு கட்டடம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. நடுவில் தாளைத் தூக்கிக்கொண்டு போவது நோயாளிதான். டிபி இல்லாதவருக்கு அது வராமல் தடுக்க ஐசோனியசிட் கொடுப்பார்கள். அதோடு வைட்டமின் பி6 வேண்டும். அரிதாக ஐசோனியசிடே லூபஸ் போன்ற நோயை உண்டாக்கும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

சைக்ளோபாஸ்பமைடு போடும் நாளில் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், சிறுநீர்ப்பையைக் காக்க. பிள்ளைப்பேறு வேண்டும் என்றால் முதல் டோஸுக்கு முன்பே பேசுங்கள், அந்த மருந்து கருப்பையைப் பாதிக்காவிட்டாலும் சினைப்பையைப் பாதிக்கும். லூபஸின் அடிப்படை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின், எடைக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல், எல்லாக் கட்டத்திலும் தொடரட்டும். கண் பரிசோதனையை மறக்க வேண்டாம்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: லூபஸ், சட்டப்படி எல்லாத் திட்டங்களும் செலவை ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மலிவான திட்டமாக இருந்தாலும் சரி. மருத்துவர் படிவம் நிரப்பிப் பதிவு செய்ய வேண்டும். பதியாமல் விட்டு, சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருப்பதைக் கவனிக்காதவர்கள் நிறைய.

ஃப்ளூ ஊசியைக் குளிர்காலம் தொடங்கும் முன், ஏப்ரல் வாக்கில் போட்டுக்கொள்ளுங்கள். நிமோகாக்கல் ஊசியும் கேளுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள், உதாரணமாக மஞ்சள் காய்ச்சல் ஊசி, வலுவான மருந்து ஓடும்போது கூடாது.

தைப்பூசக் காவடி டர்பனில் கொளுத்தும் கோடையில் வருகிறது. வெயில் லூபஸைக் கிளப்பும். கற்பூரமும் சாம்பிராணியும் மூடிய கூடத்தில் நுரையீரலை எரிக்கும். நேர்த்திக்கடன் இருந்தால் அதிகாலைப் பூசைக்குப் போய், வெளிமண்டபத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். காவடியை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும்.

ஜோகன்னஸ்பர்க் போவதென்றால், அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,750 மீட்டரில் இருக்கிறது. அங்கே எல்லோருக்கும் ஆக்சிஜன் எண் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். டர்பனிலேயே 93, 94இல் இருப்பவர் அங்கே திணறுவார். பயணத்துக்கு முன் நுரையீரல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், விமானத்தில் ஆக்சிஜன் வேண்டுமா என்பதையும் சேர்த்து.

கர்ப்பம் தனிப் பேச்சு. சைக்ளோபாஸ்பமைடு, மைகோபெனோலேட், போசென்டன் மூன்றும் கருவுக்கு ஆகாது. வார்ஃபரினை ஹெபரினாக மாற்ற வேண்டும். அசாதயோபிரினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் தொடரலாம். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் உள்ளவருக்குக் கர்ப்பமே உயிராபத்து. ஆன்டிபாஸ்போலிபிட் உள்ளவர் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது. ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு அந்த மாத்திரை வேலையும் செய்யாது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி இரண்டு பிரச்சினைக்கும் பொருந்தும், கிளினிக்கில் இலவசமாகவே போடுவார்கள்.